1930 ஃபோர்டு மாடல் ஏ செடான்: எஞ்சினை மாற்றலாமா, அப்படியே ஓட்டலாமா?

பின்கட்டு வாசி:
அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டின் பின்கட்டில் நிற்கும் வண்டியைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். 1930ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் ஏ, நான்கு கதவு செடான். கனடாவில் செய்யப்பட்டு வலப்பக்க ஸ்டீயரிங்குடன் வந்தது. என் தாத்தா இதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். அவர் காலத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மூன்று ஆண்டுகளாகக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் இதற்கே கொடுத்து, டிங்கரிங், பெயின்ட், கடற்காற்றில் உளுத்துப்போயிருந்த கதவுச் சட்டங்களைத் தேக்கில் புதிதாக இழைத்துப் பொருத்துவது, வயரிங் என்று ஒவ்வொன்றாக முடித்தேன். போன மாதம் எஞ்சின் முதன்முறையாக நிற்காமல் ஓடியபோது அம்மா கற்பூரம் ஏற்றினார்.

இப்போது மூன்று தொல்லைகள். வீட்டிலிருந்து மிண்ட் மணிக்கூண்டு வரை போய்த் திரும்புவதற்குள் ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கிறது. பிரேக்கை அழுத்தினால் வண்டி இடப்பக்கமாக இழுக்கிறது. முன்விளக்குகள் அகல்விளக்கு போல எரிகின்றன. இவை எல்லாம் பழைய காலத்து அமைப்பின் கோளாறு என்றும், அம்பாசடர் டீசல் எஞ்சினையும் 12 வோல்ட் மின்னமைப்பையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் பொருத்திவிட்டால் நிம்மதியாக ஓட்டலாம் என்றும் என் பெரியப்பா மகன் சொல்கிறார். ஒரு பட்டறையில் மதிப்பீடும் வாங்கி வந்துவிட்டார். அடுத்த மாதம் தீவுத்திடலில் பழைய வண்டிகளின் கண்காட்சி ஒன்று இருக்கிறது. அங்கே லாரியில் ஏற்றிக்கொண்டு போகாமல் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை. என்ன செய்யலாம்?

எண்ணூர்ச் சாலை:
தம்பி, எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வண்டி ஓடும்போது ஸ்பார்க் லீவர் எங்கே இருக்கிறது?

நான் ஓய்வுபெற்ற மெக்கானிக். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிய நாட்களில் அங்கே வேலை பார்த்தவர். பழைய வண்டி கொதிக்கிறது என்று யார் வந்தாலும் அவர் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். ஓட்டியவரை அழைத்து, எப்படி ஓட்டினாய் என்று கேட்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மாடல் ஏ வண்டியில் ஸ்டீயரிங் வளையத்துக்குக் கீழே இரண்டு லீவர்கள் இருக்கும். ஒன்று கை ஆக்சிலேட்டர், மற்றது ஸ்பார்க் லீவர். பிற்கால வண்டிகளில் ஸ்பார்க்கை முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தானாகவே நடந்துவிடும். இந்த வண்டியில் அந்த வேலை ஓட்டுபவருடையது. லீவர் மேலே இருந்தால் ஸ்பார்க் தாமதமாக விழும். ஸ்டார்ட் செய்ய அதுதான் சரி. எஞ்சின் பிடித்த உடனே அதைக் கீழே இறக்கிவிட வேண்டும். இறக்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்றால், பெட்ரோல் கலவை முழுதும் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துகொள்ளும். இது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே இருக்கும் சைடு வால்வு எஞ்சின் என்பதால் புகை வெளியேறும் வழி பிளாக்குக்குள்ளேயே, தண்ணீர் சுற்றும் இடத்தை ஒட்டியே போகிறது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதி தண்ணீருக்குப் போய்ச் சேர்கிறது. இருட்டில் பார்த்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிவந்திருப்பது தெரியும்.

எஞ்சினே பலவீனமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏறத்தாழ 3.3 லிட்டர், நான்கு சிலிண்டர். 2,200 சுற்றில் 40 குதிரைத்திறன் என்பது இன்றைக்குச் சிறிதாகத் தோன்றும். ஆனால் அதன் முழு இழுவிசையும் 1,000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. மூன்றாவது கியரில் நடைவேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஊர்ந்து, பிறகு உதறல் இல்லாமல் வேகமெடுக்கும். நம் ஊர் நெரிசலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றையும் இன்றே பாருங்கள். அசல் விசிறி இரண்டு இதழ்கள் கொண்ட இரும்பு விசிறியாக இருந்தால், இதழ் நடுத்தண்டோடு சேரும் இடத்தைத் துடைத்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் கழற்றிவிடுங்கள். ஓடும்போது இதழ் பறந்து பானெட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த கதைகள் உண்டு. ரேடியேட்டருக்குள் பாய்ந்தால் செலவு இன்னும் அதிகம்.

வியாசர்பாடி:
மூத்தவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். என் மாமாவிடம் இருந்த பழைய காரில் அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சினைப் பொருத்தி நெடுங்காலம் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைத்தது. எந்த மெக்கானிக்கும் கை வைத்தார். அசல் எஞ்சினோடு ஷெட்டில் நின்று துருப்பிடித்த கார்கள் எத்தனை என்று நமக்குத் தெரியாதா? ஓடாத அசலை விட ஓடும் கலப்பு மேல் என்பது என் கருத்து. பின்கட்டு வாசி வேலைக்குப் போகிறவர்; வாழ்நாள் முழுவதும் இதோடு மல்லுக்கட்ட முடியுமா?

கொருக்குப்பேட்டை லேத்:
எஞ்சின் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம். கொதித்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பிரேக் இழுத்தால் எதிரே வருபவர் சாவார். ஆகவே பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் உண்டு. நான்கும் இரும்புக் கம்பிகளால் இழுக்கப்படுபவை. அமெரிக்காவில் கிரைஸ்லர் 1924லேயே ஹைட்ராலிக் பிரேக்கைக் கொண்டுவந்துவிட்டது. ஃபோர்டு 1939 வரை கம்பியை விடவில்லை. அது பிடிவாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் சரியாக வைத்திருக்கும் கம்பிப் பிரேக், இந்த வண்டி ஓட வேண்டிய வேகத்துக்குப் போதுமானது. சரியாக வைத்திருப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெடலிலிருந்து ஒரு சக்கரம் வரை கணக்கிட்டால் குறைந்தது நான்கு இடங்களில் கம்பியும் லீவரும் ஒரு சிறு இரும்புப் பின் (முளை) கொண்டு கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பின்னும் அது நுழையும் துளையும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், மொத்தம் இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம். லீவர்களின் நீளத்தால் அது பெடலில் பல மடங்காகத் தெரியும். உங்கள் கால் முதலில் அந்த ஆட்டத்தைத்தான் அழுத்தி முடிக்கிறது, பிரேக்கை அல்ல. நான்கு சக்கரங்களில் தேய்மானம் நான்கு விதமாக இருப்பதால் ஒன்று முந்திப் பிடிக்கிறது, வண்டி அந்தப் பக்கம் இழுக்கிறது. இது அமைப்பின் குறை இல்லை. தொண்ணூறு ஆண்டுத் தேய்மானம். துளைகளை ரீமர் விட்டுப் பெரிதாக்கி, உள்ளே புஷ் என்ற சிறு உலோகக் குழலை அடித்து, புதிய பின்களைக் கடைந்து போட்டால் பாதி நோய் தீரும். நான் ஒரு மாடல் ஏ வண்டிக்கு இதைச் செய்திருக்கிறேன். கழற்றிய பழைய பின் ஒன்று இன்னும் என் மேசை மேல் கிடக்கிறது. நடுவில் பென்சிலைக் கடித்தது போல இடுப்பு விழுந்திருக்கிறது.

மீதிப் பாதி டிரம். அசல் டிரம் அழுத்தி வடித்த எஃகுத் தகடு. சூடானால் விளிம்பு வாய் பிளந்த மணி போல விரிந்துகொடுக்கும்; லைனிங் டிரம்மை விட்டு விலகும். வார்ப்பிரும்பில் டிரம் வார்த்து, கடைந்து, பொருத்துங்கள். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. பழைய டிரம்களை எண்ணெய் தடவிக் கோணியில் சுற்றி வைத்துக்கொண்டால் என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பப் போட்டுவிடலாம். ஹைட்ராலிக் பொருத்த வேண்டுமென்றால் சேஸிஸில் துளை போட வேண்டும், அச்சில் வெல்டிங் வைக்க வேண்டும். என் பட்டறைக்கு அந்த வேலை வந்தால் எனக்கு வருமானம் அதிகம். இருந்தும் வேண்டாம் என்கிறேன்.

கடைசியாக, நான்கு சக்கரங்களையும் தூக்கி நிறுத்தி, ஒரு மரக்கட்டையால் பெடலைப் படிப்படியாக அழுத்தி வைத்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். முதல் படியில் பின்சக்கரங்கள் மட்டும் லேசாக உரச வேண்டும். அடுத்த படியில் முன்சக்கரங்களும் உரசத் தொடங்க வேண்டும். அதற்கடுத்த படியில் பின்சக்கரம் முழுதும் பூட்டிக்கொள்ள, முன்சக்கரம் கையால் சிரமப்பட்டுத் திருப்பும் அளவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு டிரம்முக்குப் பின்னாலும் இருக்கும் சதுரத் தலை கொண்ட ஆப்பைத் திருப்பினால் சொடுக்குச் சொடுக்காக நகரும். கம்பியின் நீளத்தைக் குறைத்து பிரேக்கை இறுக்குபவரை வண்டிப் பக்கமே விடாதீர்கள்.

பின்கட்டு வாசி:
எண்ணூர்ச் சாலை ஐயாவுக்கு முதலில் ஒரு நமஸ்காரம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஸ்பார்க் லீவர் முழுதும் மேலேதான் இருந்தது. மூன்று ஆண்டுகளில் அதை ஒருமுறைகூட நான் இறக்கியதில்லை. அது எதற்கு என்று கேட்டபோது எங்களிடம் வேலை பார்த்த பையன் "பழைய சோக்காக இருக்கும்" என்றான், நானும் விட்டுவிட்டேன். நேற்று மாலை லீவரைப் பாதிக்கு மேல் இறக்கி அதே வழியில் போனேன். எஞ்சினின் குரலே மாறிவிட்டது. இருமிக்கொண்டிருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கியது போல இருந்தது. மிண்ட் மணிக்கூண்டு சிக்னலில் இரண்டு முறை சிவப்பு விழுந்தும் தண்ணீர் கொதிக்கவில்லை.

விசிறியில் விரிசல் இருந்தது. இடது இதழின் அடியில், நகக்கண் நீளத்துக்கு. கழற்றிவிட்டேன்.

விளக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மீட்டர் வேறு குழப்புகிறது. எஞ்சின் வேகமாக ஓடும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் போகிறது, நிறுத்தி விளக்கைப் போட்டால் சார்ஜ் பக்கம் போகிறது.

எண்ணூர்ச் சாலை:
பேட்டரியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். இந்த ஃபோர்டு 6 வோல்ட், பாசிட்டிவ் முனையைப் பாடியோடு சேர்ப்பது. இப்போதைய எலக்ட்ரீஷியன் எல்லா வண்டியையும் போல நெகட்டிவ் முனையை எர்த் செய்திருப்பார். சரியாக மாட்டிய பிறகு டைனமோவை ஒருமுறை போலரைஸ் செய்ய, அதாவது அதன் முனைகளைப் பேட்டரியோடு ஒத்துப்போக வைக்க, மறக்காதீர்கள்.

விளக்கு மங்கலுக்குக் காரணம் 6 வோல்ட் இல்லை, உங்கள் புதிய வயர். அதே வாட் விளக்குக்கு 12 வோல்ட்டை விட 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரன்ட் ஓட வேண்டும். கடையில் கொடுத்த 12 வோல்ட் வண்டி வயரைப் போட்டிருந்தால் மின்னழுத்தம் வழியிலேயே செத்துவிடும். பருமனான வயர் போடுங்கள். விளக்குக் கிண்ணத்திலிருந்து சேஸிஸ் வரை பெயின்ட்டைச் சுரண்டி எர்த் கொடுங்கள். மூன்று கோட் பெயின்ட் அடித்தவருக்கு இது வலிக்கும், வேறு வழியில்லை.

ஓட்டேரி:
லீவர் கதையைப் படித்ததும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. செல்ஃப் வேலை செய்யாத நாளில் ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யப் போகிறவர், லீவரை மேலே ஏற்றிவிட்டாரா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். லீவர் கீழே இருந்தால் பிஸ்டன் மேலே வரும் முன்பே கலவை பற்றி, ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைக்கும். என் தந்தையின் வலது மணிக்கட்டு சற்றுக் கோணலாக இருந்ததற்குக் காரணம் அதுதான். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும்; ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது.

சட்டப் பக்கம்:
எஞ்சின் மாற்றத்தைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருப்பது மட்டும் போதாது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அம்பாசடர் எஞ்சினை இறக்கிய அன்றே உங்கள் வண்டி அந்த வரையறைக்கு வெளியே போய்விடும்.

புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதுப் பதிவு என்றால் எண்பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பின் 'விஏ' என்று வரும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், தாத்தாவின் ஆர்.சி. புத்தகம் இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்குச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை கொடுக்கிறேன் என்று வருபவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள், கட்டாயம் வருவார்கள்.

வியாசர்பாடி:
விதியில் எஞ்சினும் அடங்கும் என்பது எனக்குத் தெரியாது. எஞ்சின் விஷயத்தில் என் வாதத்தை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை விடமாட்டேன். அசல் என்ற பெயரில் பின்பக்கம் ஒரே ஒரு சிவப்பு விளக்கோடு இரவில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போவது வீரம் இல்லை. இரண்டாவது விளக்கும் இண்டிகேட்டரும் வேண்டும்.

கொருக்குப்பேட்டை லேத்:
அதில் உங்களோடு நான் சேர்ந்துகொள்கிறேன். பம்பர் கிளாம்ப்பில் பூட்டினால் துளையே போட வேண்டாம்.

கல்மண்டபம்:
பெட்ரோலைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் 4.22:1 மட்டுமே என்பதால் ஆக்டேன் பற்றிக் கவலை இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் பரவலாவதற்கு முந்திய சிந்தனையில் பிறந்த எஞ்சின் என்பதால் அதுவும் வேண்டியதில்லை. தொல்லை வேறிடத்தில். பெட்ரோல் டேங்க் டாஷ்போர்டுக்கு முன்னால், உங்கள் முழங்காலுக்கு நேர் மேலே இருக்கிறது. பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்குகிறது. அளவு காட்டும் மிதவை கார்க்கால் ஆனது. அதன் மேல் அரக்குப் பூசியிருந்தால் எத்தனால் அதைக் கரைக்கும். கார்க் ஊறி மூழ்கும். டேங்க் நிறைந்திருந்தாலும் அளவுகாட்டி காலி என்று காட்டும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் மாதக்கணக்கில் நின்றால் டேங்க் அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். ஆகவே ஓட்டும் அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்குவதை வாரம் ஒருமுறை பாருங்கள்.

எத்தனால் கலந்தால் கலவை சற்று மெலியும். சோக் கம்பியின் குமிழ் இழுப்பதற்கு மட்டும் உள்ளதல்ல, திருப்பவும் செய்யலாம்; திருப்பினால் கலவை செறிவாகும். அதைக் கால் சுற்று கூடுதலாகத் திறந்து ஓட்டிப் பாருங்கள். இந்தக் குமிழை வடிவமைத்தவரை நான் மனத்துக்குள் பலமுறை பாராட்டியிருக்கிறேன்.

ராயபுரம் பழையவர்:
சிறு தகவல், தலைப்பை விட்டு விலகாமல். மதராஸ் நகரில் எம்.சி. 1 என்ற முதல் எண், நம் துறைமுகத்தை நடத்திய சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு உரியது. எம்.சி. 3 கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருடையது. உங்கள் வண்டி அந்தத் துறைமுகச் சுவரை ஒட்டியே தீவுத்திடலுக்குப் போகட்டும். ராஜாஜி சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போங்கள். வால்டாக்ஸ் சாலை வேண்டாம், அங்கே எந்நேரமும் லோடு இறங்கும்.

பின்கட்டு வாசி:
ஐந்து வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். பின்கள், புஷ்கள், நான்கு வார்ப்பிரும்பு டிரம்கள், பருமனான வயர், புதிய விசிறி எல்லாம் முடிந்தன. பட்டறை மதிப்பீட்டில் பாதிகூட ஆகவில்லை. ஸ்பார்க் டைமிங்கை நானே வைத்தேன். எஞ்சினின் முன்மூடியில் இருக்கும் சிறிய திருகைக் கழற்றி, திருப்பிச் செருகி, விரலால் அழுத்திக்கொண்டே பெரியப்பா மகனை ஹேண்டிலை மெதுவாகச் சுற்றச் சொன்னேன். அரைச் சுற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கேம் கியரில் இருந்த குழியில் அது 'டுக்' என்று விழுந்ததை விரல் நுனி உணர்ந்தது. முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று பொருள். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குகளுக்கு வயரே இல்லாமல் நான்கு பித்தளைப் பட்டைகள் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று அவர் கேட்டார்.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். அம்மா பின்சீட்டில். ராஜாஜி சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. துறைமுக வாயிலருகே ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக்கை முழுதாக அழுத்தினேன், வண்டி நேராக நின்றது. கியர் மாற்றும்போது மட்டும் இரண்டு முறை பல் கடித்த சத்தம். ஒரு கியர் மாற்றத்துக்கு இரண்டு முறை கிளட்ச்சை மிதிக்கும் டபுள் கிளட்ச் இன்னும் காலில் ஏறவில்லை. கண்காட்சியில் நின்றுவிட்டு, வந்த வழியே பத்து மணிக்குள் வீடு திரும்பினோம்.

இறங்கியதும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு நான்கு டிரம்களையும் கையால் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கப் பின் டிரம் மட்டும் மற்ற மூன்றைவிடச் சூடாக இருந்தது. ஆப்பைத் தளர்த்த வேண்டும் அல்லவா?

கொருக்குப்பேட்டை லேத்:
முதலில் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசினால் உள்ளே ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் மட்டும் ஆப்பைத் தளர்த்துங்கள்; ஒரே ஒரு சொடுக்கு.